பிரிக்காத பச்சை ஜீப்

நம் வீட்டுச் சுவரில் அட்டையோடு தொங்குகிற பச்சை ஜீப்பை ஏன் இன்னும் பிரிக்கவில்லை என்று, பிள்ளைகளா, நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அதைச் சொல்ல வேண்டுமென்றால் என் சித்தப்பாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

என் சித்தப்பா வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகும் பொம்மைக் கார் வாங்குவதை நிறுத்தவில்லை. நிறுத்துவது என்ன, அப்போதுதான் ஆரம்பித்தார். அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் வேலை. வாரம் முழுக்க இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் என்னை பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல் உட்காரவைத்து, சத்திரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பொம்மைக் கடைக்கு ஓட்டிக்கொண்டு போவார்.

அங்கே கொக்கி கொக்கியாகக் கார்கள் தொங்கும். உள்ளங்கைக்குள் அடங்குகிற உலோகக் கார்கள், ஒவ்வொன்றும் ஓர் அட்டையில், பிளாஸ்டிக் மூடிக்குள். நல்ல கார் எப்போதும் பின்னால்தான் ஒளிந்திருக்கும் என்பது சித்தப்பாவின் கொள்கை. ஆகவே மேல் கொக்கிகளை அவர் துழாவுவார், கீழ்க் கொக்கிகளை நான் துழாவுவேன். எங்களைக் கண்டதும் கடைக்கார பாய், “வாங்க வாங்க. பெரிய பையனும் வந்தாச்சு, சின்னப் பையனும் வந்தாச்சு” என்பார். சித்தப்பா கோபித்துக்கொள்ள மாட்டார். எனக்குத்தான் பெருமை தாங்காது.

வாங்கிய காரை அவர் பிரிக்கவே மாட்டார். அட்டை கசங்காமல் இருந்தால்தான் மதிப்பாம். முன்னறைச் சுவர் முழுக்க ஆணி அடித்து வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார். “சாமி படத்துக்குக்கூட இந்த வீட்டுல இத்தனை ஆணி அடிச்சதில்ல” என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய ஷேவிங் பிரஷ்ஷால் அட்டைகளுக்குத் தூசி தட்டுவது என் உத்தியோகம். தெருப் பையன்கள் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார்கள். உள்ளே வந்து தொடும் உரிமை எனக்கு மட்டும்தான்.

அந்தப் பச்சை ஜீப் கீழ்க் கொக்கியின் கடைசியில், ஒரு குப்பை லாரிக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. கண்டுபிடித்தவன் நான். அட்டையை என் கையிலிருந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்த சித்தப்பா, “டேய், இது உன் கண்ணுல பட்ட வண்டி. என்னைக்காவது பிரிச்சா உன் கையாலதான் பிரிக்கணும்” என்றார். லாரியையும் சேர்த்தே வாங்கி வந்து சுவரில் மாட்டினோம். பிரிக்க அவசரப்படுத்தக்கூடாது என்று எனக்கும் தெரியும். ஆனால் தினமும் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

ஆவணி மாதம் சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆயிற்று. சித்திக்கு ஸ்ரீரங்கம். வந்த புதிதில் என்னை “வாங்க தம்பி, போங்க தம்பி” என்றுதான் கூப்பிடுவார். அது எனக்குப் பிடித்திருந்தது. சித்தியைப் பிடிக்காமல் போனது ஒரு சனிக்கிழமையில். “இன்னைக்கு நீ வீட்டுல இருடா” என்று சொல்லிவிட்டு, சித்தப்பா சித்தியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார். டேங்க் மேல் இடம் காலியாகத்தான் இருந்தது. திரும்பி வந்தபோது சித்தியின் கையில் ஒரு மஞ்சள் கார்.

“உங்க சித்தி கெட்டிக்காரிடா. கீழ்க் கொக்கியிலேருந்து எடுத்தா.”

கீழ்க் கொக்கி யாருடையது? அன்று ராத்திரி நான் சரியாகச் சாப்பிடவில்லை. யாரும் கவனித்ததாகவும் தெரியவில்லை.

புரட்டாசியில் நவராத்திரி வந்தது. எங்கள் வீட்டில் கொலு வைக்கும் வழக்கம் கிடையாது. சித்தி அம்மாவிடம் கேட்டு, ட்ரங்குப் பெட்டிகளை அடுக்கி, வேட்டி விரித்துப் படி கட்டினார். கீழே தரையில் ஆற்று மணலைப் பரப்பி, அட்டையில் ராஜகோபுரம் செய்து நிறுத்தி, கேழ்வரகு முளைக்கவைத்துப் பசேலென்று ஓரம் கட்டினார். மணலில் தெருக்கள். சும்மா சொல்லக்கூடாது, பார்த்தால் ஸ்ரீரங்கமேதான்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால், முன்னறை மூலையில் வெட்டிய அட்டைகள் குவிந்து கிடந்தன. கோபுரத்தைச் சுற்றி எல்லாத் தெருவிலும் கார்கள். நடுவில் சித்தப்பா கத்தரிக்கோலும் கையுமாக, பல் தெரியச் சிரித்துக்கொண்டு.

“தெருவுல வண்டி இல்லாம நம்ம ஊரான்னு உங்க சித்தி கேட்டுட்டா. என்ன பண்றது?”

தூசி தட்டித் தட்டியே கை வலித்த எனக்கு ஒரு அட்டையைக்கூடப் பிரித்துத் தராதவர், வந்து ஒரு மாதம்கூட ஆகாதவர் கேட்டதும் எல்லாவற்றையும் பிரித்துவிட்டார். சுவரைப் பார்த்தேன். ஆணிகள் மட்டும்தான் இருந்தன. என் ஜீப்பைத் தவிர.

ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தது. அடுத்த நிமிடமே வேறு மாதிரி தோன்றிவிட்டது. ஓட்டை மூஞ்சி குப்பை லாரிக்குக்கூடச் சித்தியின் ஊரில் இடம் உண்டு. என் ஜீப் மட்டும் வேண்டாமாம்.

கோபுரத்துக்கு நேர் முன்னால், எல்லோர் கண்ணும் படுகிற இடத்தில், மணலைத் தட்டி ஓர் இடத்தைச் சித்தி காலியாக வைத்திருந்தார். வெற்றிலை பாக்குக்கு வருகிறவர்கள் எல்லாம் அதைக் கேட்டார்கள்.

“நல்ல இடத்தைக் காலியா விட்டுட்டியேம்மா?”

“ஒரு வண்டி வரணும் அக்கா. அதுக்கு உரியவங்க மனசு வைக்கணும்” என்று சித்தி என் பக்கம் திரும்பிச் சிரிப்பார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இத்தனை வண்டி போதாதென்று சித்தப்பா இன்னொரு புதுக் காரும் வாங்கித் தர வேண்டுமா? அதை என்னிடமே சொல்லிக் காட்டவும் வேண்டுமா? கொலுப் பக்கம் போவதை விட்டேன். சுண்டலை மட்டும் வாசலில் நின்று கோபமாக வாங்கித் தின்றேன்.

சித்தப்பா ஒருநாள் என்னை மடக்கினார். “சுவத்தைப் பாத்தியாடா?”

“பாத்தேன்.”

“என்ன இருக்கு?”

“ஆணி.”

அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “விடுங்க, தானா வரட்டும். அவர் ஆசையா வந்தாத்தான் நல்லாருக்கும்” என்று சித்தி தடுத்துவிட்டார். புதுக் கார் வாங்கித் தர சித்தப்பாவுக்கே ஆசை வரட்டும் என்று சித்தி காத்திருக்கிறார் போலிருக்கிறது என்று நான் முடிவு கட்டினேன்.

ஆயுத பூஜையன்று சித்தப்பாவின் ஸ்பேனர்கள், பைக் சாவி, என் புத்தகங்கள், அந்தக் கத்தரிக்கோல் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் படியில் அடுக்கினார்கள். பூஜைக்கு வைத்ததை மறுநாள் விஜயதசமிவரை தொடக்கூடாது. அன்றைக்கு எடுத்து எதைத் தொடங்கினாலும் நன்றாக வரும் என்பார்கள்.

விஜயதசமி காலையில் பல்தேய்த்துவிட்டு வருகிறேன், சித்தி எதிரில் நிற்கிறார். ஒரு கை முதுகுக்குப் பின்னால். மறு கையில் பொட்டு வைத்த கத்தரிக்கோல்.

“தம்பி, இன்னைக்கு மொத வெட்டு உங்க கையால இருக்கட்டும்.”

சித்தப்பா நிலைப்படியில் சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காரை எல்லாம் சித்தப்பா வெட்டித் தருவார், வேலை சொல்ல மட்டும் நானா என்று எனக்குத் தோன்றியது. கத்தரிக்கோலை வாங்கினேன். விறுவிறுவென்று அடுப்படிக்குப் போனேன். மேடையில் இருந்த பால் பாக்கெட்டின் மூலையை நறுக்கென்று வெட்டினேன். திரும்பி வந்து சித்தியிடம் நீட்டினேன்.

“வெட்டிட்டேன்.”

சித்தப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். “டேய்…” என்றார். சித்தி அவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, பின்னால் வைத்திருந்த கையை எடுக்காமலே, “சரி தம்பி. பால் பிரிச்சாச்சு. பாயசம் வச்சிடலாம்” என்றார். அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

மத்தியானம் சுவரில் என் ஜீப்பைப் பார்க்கப் போனேன். அது ஆணியில் லேசாகக் கோணலாகத் தொங்கியது. அட்டையின் மூலையில் புதிதாக ஒரு குங்குமப் பொட்டு. இதையும் தன்னுடையதாக்கிக்கொள்ளத்தான் சித்தி பொட்டு வைத்திருக்கிறார் என்று எச்சில் தொட்டுத் தேய்த்தேன். போகவில்லை, பரவியது. இன்றைக்கும் நீங்கள் விரல் வைத்துக் கேட்கிற சிவப்புக் கறை அதுதான்.

கோபுரத்துக்கு முன்னால் அந்த இடம் கடைசிவரை காலியாகவே இருந்தது. சித்தி காத்திருந்த வண்டி வரவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு, இரண்டாவது டம்ளர் பாயசத்துக்கு அவரிடமே கையை நீட்டினேன்.