பெண் பார்க்கப் போன கக்கம்

நேற்று புக்கிட் பெருவாங்கில், பேரன் வீட்டுக் குளியலறையில் ஒரு டப்பாவைக் கண்டேன். அமுக்கினால் புஸ்ஸென்று சீறுகிறது. "கக்கத்துக்கு அடிக்கிறது தாத்தா. நாள் பூரா வாடையே வராதுலா" என்றான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இந்த விஷயத்தில் நான் அவனுக்கு அறுபது வருஷம் மூத்தவன் அல்லவா!

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. மலாக்காவுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்து ஸ்டோரில், அதாவது பாலை ரப்பராக்கும் கொட்டகையில் வேலை. வாளி வாளியாக வரும் ரப்பர் பாலில் அளந்து அசிட்டு ஊற்றினால் கெட்டியாகிவிடும். அந்தப் புளித்த வாடையும் புகைக்கொட்டகைப் புகையும் என் வியர்வையும் சேர்ந்தால் எப்படி இருக்கும், நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இந்த லட்சணத்தில் பெண் பார்க்க நாள் குறித்துவிட்டார்கள். தங்கா பத்து ஊரில் மளிகைக் கடை வைத்திருந்த தூரத்து உறவுக்காரரின் மகள். ஊதுபத்தியும் சோப்பும் மணக்கிற வீடு. ஏற்கெனவே ஒரு ஸ்டோர்க்காரனை, "நாத்தம் கொடலப் புடுங்குது" என்று திருப்பி அனுப்பியவர் அவள் அப்பா. எனக்கோ, கோயில் திருவிழாவில் அவளைப் பார்த்ததிலிருந்தே தூக்கம் இல்லை.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸரிடம் ஓடினேன்.

"வேர்வைக்கு நாத்தமே கெடையாதுடா. கக்கத்துல தனியா ஒரு தினுசு சுரப்பி இருக்கு. அதுலேருந்து கொழகொழன்னு கசியும். அதக் கிருமி திங்குது, நாறுது. சட்டயத் தொவச்சிப் போடு, சோப்புப் போட்டுக் குளி, போ."

அவர் சொன்னதில் கசிவு மட்டும்தான் என் மண்டையில் ஏறியது. கசிவதை நிறுத்த எனக்கா தெரியாது? பாலையே கெட்டியாக்குகிறவன் ஆயிற்றே! பெண் பார்க்கும் நாள் காலையில், ஸ்டோர் அசிட்டில் துணியை நனைத்து இரண்டு கக்கத்திலும் அப்பினேன். ஐயோ, அந்த எரிச்சலை எந்த எதிரிக்கும் கொடுக்கக் கூடாது!

வழியெல்லாம் மாட்டுவண்டியில் சிறகு விரித்த சேவல் மாதிரி கைகளை அகட்டிக்கொண்டே போனேன். கும்பிடக் கை தூக்கினால் உயிர் போகிறது. "என்னா தம்பி, சண்டைக்கு நிக்கிறாப்ல நிக்கிறீங்க?" என்றார் கடைக்காரர். காப்பி நீட்டிய பெண்ணோ மூக்கைச் சுளித்தாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நடந்ததை அப்படியே ஒப்பித்துவிட்டேன்.

அவள் விறுவிறுவென்று உள்ளே போய்த் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து என் முன்னால் வைத்தாள்.

"நம்ம வீட்டுக்கு வரணும்னு தோலயே பொசுக்கிக்கிட்டு வந்திருக்காரு. இவரயும் அனுப்பிடுவீங்களாப்பா?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

அதன் பிறகு நாற்பத்தெட்டு வருஷம். வேலை முடிந்து வாசலில் நான் கால் வைக்குமுன், அடுப்படியில் திரும்பிக்கூடப் பார்க்காமல், "வந்துட்டீங்களா? மொதல்ல போயி குளிங்க" என்பாள். அந்த ஸ்டோரை இடித்து வீடுகள் கட்டிவிட்டார்கள். அவளும் போய்விட்டாள்.

பேரன் டப்பாவை என்னிடம் நீட்டினான். வேண்டாமென்றேன். வெயிலில் நடந்து, வேர்த்து வழிய வீடு திரும்பும்போது அடுப்படி வாசலில் கொஞ்ச நேரம் நிற்கிறேன். யாரும் குளிக்கச் சொல்வதில்லை.