அடிப்பக்கம் திறந்த பெட்டி

அந்தக் கார்ன்ஃப்ளேக்ஸ் பெட்டியின் முன்பக்கத்தில் ஒரு சிவப்புப் பந்தயக் கார் படம் போட்டு, உள்ளே கம்ப்யூட்டர் கேம் சிடி இலவசம் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. நான் அப்போது ஏழாம் வகுப்பு. சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் யார் வீட்டிலும் கம்ப்யூட்டர் கிடையாது. இட்லி, தோசை தவிர வேறெதையும் காலைப் பலகாரம் என்று ஒப்புக்கொள்ளாத வீடு எங்களுடையது. ஆனாலும் மளிகைக் கடை அண்ணாச்சியின் அலமாரியில் அந்தப் பெட்டியைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. இன்றைக்கு என் வயதுக்காரர்கள் அந்த சிடிகளைப் பற்றி இணையத்தில் உருகி உருகி எழுதுகிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் சிடி ஒழுங்காகக் கைக்கு வந்து சேர்ந்ததா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

என் அப்பாவுக்குப் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை. குருவிகுளம் பக்கத்திலிருந்தும் மேலநீலிதநல்லூர் பக்கத்திலிருந்தும் மல்லிகையும் பிச்சியும் கூடை கூடையாக வந்து இறங்கும். அப்பா கூடையின் மேல்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். கையை நேராக அடிவரைக்கும் விட்டு ஒரு பிடி அள்ளுவார். மேலே இன்றைய மொட்டு இருக்கும். அடியில் நேற்று மலர்ந்தது கிடக்கும், அல்லது எடைக்காகத் தெளித்த தண்ணீர் சொட்டும். இதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு உலகத்தில் எந்தப் பொருளின் மேல்பக்கத்திலும் நம்பிக்கை போய்விட்டது. தக்காளிப் பையைக் கொட்டித்தான் வாங்குவார். கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையைக்கூட அடியிலிருந்து தடவிப் பார்ப்பார்.

அப்படிப்பட்டவரிடம் இலவசம் என்ற வார்த்தையைச் சொன்னால் என்ன ஆகும்? "சும்மா எவன்ட்டி குடுப்பான்? ஒண்ணைக் காட்டி இன்னொண்ணைப் பிடுங்குத சோலி இது" என்றார். காலாண்டுத் தேர்வில் நல்ல மார்க் வாங்கினேன். அம்மா எனக்காக வாதாடினாள். கடைசியில் ஒருநாள் சாயங்காலம் அவரே அந்தப் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நான் பிரிக்கிறேன் என்றேன். தரவில்லை. பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடிப்பக்கத்தில் ஒட்டியிருந்ததைக் கிழித்து, உள்ளே இருந்த பிளாஸ்டிக் பையை உருவி எடுத்தார். பையைக் குலுக்கினார். பெட்டியைத் தட்டினார். உள்ளே கையை விட்டுத் துழாவினார். சிடி இல்லை. "நான் சொன்னேம்லா" என்று அவர் சொல்லும்போது குரலில் துளி வருத்தம்கூட இல்லை என்று எனக்குப் பட்டது. கார்ன்ஃப்ளேக்ஸை அம்மா மறுநாளே எண்ணெயில் பொரித்து, கடலையும் கறிவேப்பிலையும் போட்டு மிக்சர் ஆக்கிவிட்டாள்.

பொருள் உள்ளே இல்லை என்றால் யாரோ எடுத்திருக்க வேண்டும். அதுதான் அப்பாவின் கணக்கு. என்னையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போய்ச் சண்டை பிடித்தார். கடைக்கார அண்ணாச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. "கம்பெனிக்காரன் ஒட்டி அனுப்புததை அப்படியே எடுத்துத் தாரேன் அண்ணாச்சி. எங்கிட்ட வந்து கேக்கியளே, வீட்டுல பிள்ளைகிட்ட கேட்டுப் பாத்தியளா?" என்றார். அப்பா திரும்பி என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். கூடைக்குள் கையை விடுவதற்கு முன்னால் பூக்காரரைப் பார்க்கிற பார்வை அது. வழியெல்லாம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்று சத்தியம் செய்திருப்பேன். அன்று ராத்திரி என் பள்ளிக்கூடப் பையை எடுத்து, புத்தகங்களை ஒதுக்கி, அடிவரைக்கும் கையை விட்டார். பிறகு பல நாள் அப்படிச் செய்தார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தும் செய்தார். என் அப்பா என்னை நம்பவில்லை என்பது எனக்கு அந்தச் சிடி கிடைக்காததைவிடப் பல மடங்கு வலித்தது.

பெட்டியை அம்மா தூர எறியவில்லை. பூக்கட்டும் வாழைநாரைப் போட்டு அலமாரி மேலே வைத்திருந்தாள், அடிப்பக்கம் வாயாக. பொங்கலுக்கு வீடு ஒதுக்கும்போது அதைப் பழைய பேப்பர்காரருக்குப் போடலாம் என்று கிழித்தாள். "ஏட்டி, இங்கன வா!" என்று அவள் கத்திய கத்தலில் அப்பாவும் ஓடிவந்தார். முன் அட்டைக்கு உள்பக்கமாக இன்னொரு அட்டையை ஒட்டிச் சின்னப் பை மாதிரி செய்து, அதற்குள் சிடியை இறுக்கமாகச் சொருகியிருந்தார்கள். அந்தப் பைக்கு மேல்பக்கம்தான் வாய். ஊரில் எல்லோரும் திறக்கிறபடி மேலே திறந்திருந்தால் முதலில் அதுதான் கண்ணில் பட்டிருக்கும்.

அப்பா மறுநாள் முதல் பழையபடி அதே கடையில் சாமான் வாங்கினார். அண்ணாச்சியும் பேசினார். என்னிடம் மட்டும் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவாகவே என்னைப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த பிரவுசிங் சென்டருக்கு அழைத்துப் போய், என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார். ஏதோ சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். கார் ஓடியது. ஒரே ஒரு சுற்றுதான். அதற்குமேல் ஓட்ட வேண்டுமென்றால் முழு விளையாட்டையும் காசு கொடுத்து வாங்கு என்று திரையில் ஆங்கிலத்தில் வந்தது. நான் படித்துச் சொன்னேன். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! "நான் அப்பமே சொன்னேன். ஒண்ணைக் காட்டி இன்னொண்ணைப் பிடுங்குதான்" என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கும் விளக்கினார். விளையாட்டைப் பற்றி அவர் நினைத்தது சரியாகப் போனதில், என்னைப் பற்றி நினைத்தது தப்பாகப் போனது அவருக்கு மறந்தே போய்விட்டது.

போன மாதம் என் மகளுக்கு வாங்கிய பெட்டியில் சிடி இல்லை, கியூஆர் கோடு இருந்தது. ஸ்கேன் செய்தால் கேம் இலவசமாம். செய்தேன். என் தொடர்பு எண்கள், மைக், நான் இருக்கிற இடம் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்டது. ஒரு கார் ஓட்டுவதற்கு என் நாத்தனார் நம்பர் எதற்கு? மூடிவிட்டேன். மகள் அழுதுகொண்டே உள்ளே போனாள். கடையை விட்டுவிட்டு இப்போது எங்களோடு இருக்கும் அப்பா, சரிதான் என்பதுபோல் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"எப்பா, அன்னைக்கு சிடிய நான் எடுத்திருப்பேன்னுதான நெனச்சீங்க?"

எந்த சிடி என்று அவர் கேட்கவில்லை. "நீ எடுத்திருப்பேன்னு நெனைக்கலட்டி. எடுத்திருக்கக் கூடாதான்னு நெனச்சேன்" என்றார்.

"அது என்ன கணக்கு?"

"நீ எடுத்திருந்தா ஒனக்குக் கெடச்சிருக்கும்லா. இல்லைன்னா, ஆசையாக் கேட்ட பிள்ளைக்கு நான் வெறும் பெட்டியல்லா கொண்டாந்து குடுத்திருக்கேன். அதான் தேடித் தேடிப் பாத்தேன்."

எனக்கு அதை நம்ப வேண்டும் என்று அவ்வளவு ஆசையாக இருந்தது. இவ்வளவு நல்ல பதிலை இத்தனை வருஷம் ஏன் சொல்லாமல் வைத்திருந்தார் என்ற யோசனையும் கூடவே வந்தது. நிஜம்தானா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் நம்பிவிட்டேனா என்று அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.