ஐந்தாம் புத்தகத்தில் கூடாரம் தைக்கிறவர்

கண்ணுகளா, அந்த யானைக் கதையின் ஒன்பது புத்தகமும் ஒரு வழியாக முடிந்துவிட்டது. நம்ம ஊட்டில் இப்போது கடைசிச் சண்டையைப் பற்றித்தான் பேச்சு. நான் எழுத வந்தது நடுவில் கிடந்த அந்த ஐந்தாம் புத்தகத்தைப் பற்றி. அதனால் அப்பா செய்த ஒரு காரியம் உங்கள் ரெண்டு பேருக்கும் தெரியாது. வாயால் சொன்னால் சின்னவன் சிரிப்பான். ரெண்டு பேரையும் ‘நீ’ என்று எழுதினால் யாரைச் சொல்கிறேன் என்று எனக்கே குழம்பிவிடும், அதனால் பெரியவள், சின்னவன் என்றே எழுதுகிறேன்.

எனக்கு இங்கிலீஷ் புத்தகம் படிக்க வராது. பனியனில் வைத்துத் தைக்கிற லேபிளில் சைஸ் படிப்பேன், எந்த நாட்டுக்குப் போகிறது என்று படிப்பேன், அவ்வளவுதான். எட்டாவது முடித்ததும் தையல் மிஷினில் உட்கார்ந்தவன். அதனால் அந்தக் கதை எனக்கு வந்தது எல்லாம் பெரியவள் வாய் வழியாகத்தான். காலையில் மண்ணரையில் நம்ம ஊட்டிலிருந்து பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் சின்னவன் வண்டியில் முன்னால் நிற்பான், பெரியவள் பின்னால் உட்கார்ந்து என் காதில் கத்துவாள். கம்பெனி வேன்காரர்கள் அடிக்கிற ஹாரனில், சத்தியம் பண்ணியது ராணியா தளபதியா என்று சில நாள் பிடிபடாது. மறுக்கா கேட்டால் கோபம் வரும். ஆனாலும் சொல்லுவாள்.

முதல் நாலு புத்தகம் போனதே தெரியவில்லை. பனிமலைக்கு அந்தப்பக்கம் கல்லாக உறங்குகிற யானைகள். அதுகள் விழித்தால் ராணி பக்கம் ஜெயம். சின்னவன் அந்த யானைக்காகவே விடிந்ததும் தானாக எழுந்து பல் விளக்கினான்.

ஐந்தாம் புத்தகத்தில் ராணியின் படை மலையைப் பார்த்துக் கிளம்பியது.

“இன்னைக்கு என்ன கண்ணு ஆச்சு?”

“நடந்தாங்கப்பா.”

மறுநாள் கேட்டால், “இன்னும் நடக்கறாங்கப்பா.”

“அக்கா, யானை முழிச்சுதா?”

“இல்லடா.”

“ஒரு கண்ணாவது?”

“கம்முனு இருடா!”

இப்படியே போனது. பேச்சு குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் பாலத்தில் போகும்போது சொன்னாள், “அப்பா, நான் இத விட்டறலாம்னு இருக்கறனுங்க. ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் இந்தப் புஸ்தகத்துலதான் சலிச்சுப்போனாங்களாம். நேரா யானை முழிக்கற எடத்துக்குப் போயிருங்கறாங்க.”

எனக்குப் பக்கென்று ஆகிவிட்டது. பொழுதோட வேலை விட்டு நான் ஊட்டுக்கு வரும்போது அவள் படிப்பு மேல் இருப்பாள். நாங்கள் பேசிக்கொள்வதே அந்த வண்டியில்தான். அதை எப்படிச் சொல்வது? அன்றைக்கு மழை தூறிக்கொண்டிருந்தது, வாயில் வந்ததைக் கேட்டேன்.

“அத்தன பேரும் மழையில எங்க கண்ணு படுப்பாங்க?”

“கூடாரத்துலதாங்கப்பா.”

“காத்தடிச்சுக் கிழிஞ்சா?”

அவள் சிரித்துவிட்டாள். “உங்களுக்குன்னே ஒரு ஆள் இருக்காருங்கப்பா. அவரு வந்தாலே நான் பக்கத்தத் திருப்பிருவேன்.”

படையின் கடைசி மாட்டு வண்டியில் வருகிறவர். கிழிந்த கூடாரம் தைப்பது அவர் வேலை. தளபதியின் கூடாரத்தில் எரிந்து மிச்சமான மெழுகுவர்த்தியைக் கேட்டு வாங்கி நூலுக்குப் பூசிக்கொள்வார், அப்போதுதான் தையல் வழியாகத் தண்ணீர் இறங்காது. கிளம்பும்போது அவர் மகளுக்கு முன்பல் விழுந்திருந்தது. ‘மறுபடி பல்லு மொளைக்கறதுக்குள்ள வந்தர்றேன்’ என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

“வந்து சேந்தாரா?”

“தெரீலீங்கப்பா. படிச்சாத்தான் தெரியும்.”

“அப்பப் படி கண்ணு.”

“அந்தாளுக்காகவா?”

“எனக்காகத்தான்.”

சலித்துக்கொண்டேதான் படித்தாள். ஆனால் படிக்காமல் தள்ளிய பக்கங்களுக்கும் எனக்காகத் திரும்பப் போய்ப் படித்தாள். பனியில் விரல் வெடித்து ஊசி பிடிக்க முடியாமல் அவர் பல்லால் இழுத்துத் தைத்தது, வண்டி மாட்டிடம் மகளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தது, எல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. சின்னவனுக்கு ஒரே கிண்டல்.

“அக்கா, டெய்லரு இன்னைக்கு எத்தன கூடாரம் தெச்சாரு? பீஸ் ரேட்டுக் கூலியா, ஷிப்ட்டுக் கூலியா?”

“ஓவர்டைம்டா. உன்ற யானையாட்டத் தூங்குனா ஆகுமா?”

நானும் சிரிப்பேன். ஆனால் மிஷினில் உட்கார்ந்திருக்கும்போது நடுவில் நினைப்பு வரும், இந்த மனுசன் எப்போது ஊடு போய்ச் சேர்வார் என்று.

அப்புறம் ரெண்டு நாள் திரும்பவும் “நடக்கறாங்கப்பா” என்று மட்டும் சொன்னாள். நானும் விடாமல், “அந்தப் புள்ளைக்கு இன்னேரம் பல்லு பாதி மொளச்சிருக்குமே?” என்று கேட்டேன்.

சின்னவன்தான் போட்டு உடைத்தான். “அக்கா முந்தாநேத்தே அழுதாப்பா. தலகாணிய மூஞ்சில வெச்சுட்டு.”

“டேய்!”

வண்டியை ஓரம் கட்டினேன். “என்ன கண்ணு?”

“கேக்காதீங்கப்பா.”

“போயிட்டாரா?”

கண்ணாடியில் அவள் தலை ஆடியது தெரிந்தது.

“சண்டையிலயா?”

“இல்லீங்க, காச்சல்ல. காலைல தளபதி ஆள் எண்றாரு. கூடாரக்காரனும் போயிட்டான்னு ஒருத்தன் சொல்றான். ஒரே வரிதாங்கப்பா.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதாங்க. அடுத்த வரியில யானை முழிச்சுக்குது.”

“முழிச்சுருச்சா!” என்று துள்ளின சின்னவன், திரும்பி என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். அவன் அப்படி வாயை மூடியது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. நல்ல பையன்.

“அந்தப் புள்ள?”

“அதப் பத்தி ஒண்ணுமே எழுதலீங்கப்பா.” அப்புறம், “எல்லாம் உங்களாலதான். நீங்க கேக்காம இருந்திருந்தா நான் அவரத் தாண்டிப் போயிருப்பேன்” என்றாள்.

உண்மைதான். யானைக்குத் தாவின அவள் சிநேகிதிகள் கண்ணிலும் அந்த வரி பட்டிருக்கும். அவர்களுக்கு அது யாரோ ஒரு ஆள். நாங்கள் அவர் வண்டிக்குப் பின்னாலேயே பனியில் நடந்து வந்தவர்கள். ஒன்றும் நடக்காத பக்கம் என்று பெரியவள் சலித்துக்கொண்டாளே, அங்கேதான் அவர் எங்களுக்கு வேண்டியவர் ஆனார். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், இதற்கு மேல் விளக்கத் தெரியவில்லை.

“செரி கண்ணு, பெல் அடிச்சிரும், போங்க” என்று ரெண்டு பேரையும் கேட்டில் இறக்கிவிட்டேன்.

அங்கிருந்து நேராகக் கம்பெனிக்குப் போகிறவன், அன்றைக்கு வண்டியை ஊட்டுக்குத் திருப்பினேன். உங்கள் அம்மா அவள் கம்பெனி வேனில் போயிருந்தாள். அக்கம்பக்கத்திலும் எல்லோரும் வேலைக்குப் போய்விட்டார்கள். பூட்டைத் திறக்கப் போன கை நின்றுவிட்டது. எழவுச் சேதி கேட்டுவிட்டு அப்படியே உள்ளே போய்ப் பழக்கமில்லை. சாவியைத் திரும்பச் சட்டைப் பையில் போட்டேன். சட்டையைக் கழற்றிக் கொடியில் மாட்டிவிட்டு, வாசலில் இருந்த டிரம்மிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டேன். அப்புறம் இன்னொன்று.