இரண்டாம் கியரின் இரைச்சல்

திருத்தணி மலையில் தரிசனம் முடித்து, என் மனைவியின் தம்பி ஓட்டிய காரில் இறங்கிக்கொண்டிருந்தோம். இரண்டாம் கியரில் எஞ்சின் உறுமிய உறுமலில் நான் பாடிய துதியின் சந்தம் சிதைந்தது.

"எறக்கம்தானேப்பா? நியூட்ரல்ல போடு, தானா உருளட்டும்" என்றேன்.

"வேணாம் பாவா. எஞ்சின்தான் வண்டியப் புடிச்சிகினு வருது."

"முருகன் புடிச்சிக்குவான். போடு!"

மரியாதைக்காகப் போட்டான். உறுமல் அடங்கி என் குரல் தெளிந்தது. ஓரடி பாடி முடிப்பதற்குள் வண்டி பாய்ந்தது. வளைவில் காவடிகள் ஏறி வந்துகொண்டிருந்தன. அவன் மிதித்த பிரேக்கில் கருகல் நாற்றம் எழுந்ததே தவிர, வேகம் தணியவில்லை. மீண்டும் கியரைப் போட்டான். எஞ்சின் அலறியது. காவடிக்கு ஒரு முழம் முன்பாக நின்றோம்.

அவன் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு என் பக்கம் திரும்பினான். "கியர்ல இருந்தா சக்கரம் எஞ்சினையும் சேத்து சுத்தணும் பாவா. அந்த பாரந்தான் வேகத்தக் கொறைக்கும். இப்போ பாடுங்க."

"ஒண்ணும் பாட வேணாம். வாய மூடிகினு வாங்க!" என்றாள் பின்னால் இருந்த மனைவி.

என் பாட்டின் இனிமைக்காகக் காவடி சுமந்தவர்களின் உயிரைப் பணயம் வைத்தேன் என்ற எண்ணம் என்னை இன்னும் உறங்கவிடுவதில்லை. அம்மலையில் இறங்கும்போது இப்போதும் உதடு பாடுகிறது. செவி மட்டும் எஞ்சினை விட்டு அகல்வதில்லை.