தலையில் ஒட்டிய பொட்டுகள்

கொள்ளிடத்தில் வெள்ளம் கரை தொட்டு ஓடிய ஆடியில்தான், என் மனைவிக்குத் தலைக்குள் கட்டி என்றார்கள். திருச்சியில் ஆபரேஷன். முதல்நாள் தலையில் வட்ட வட்டமாக ஏதோ ஒட்டி, ஸ்கேன் எடுத்து, "காலையில வாங்க" என்று அனுப்பினார்கள். அதற்குள் அவளுக்கு மொட்டை போடும் வேண்டுதலை முடித்துவிடலாமென்று சமயபுரம் கோயிலுக்குப் போனோம். மொட்டையடித்த நாவிதர் தலையில் ஒட்டியிருந்தவற்றைப் பிய்த்துப் போட்டார்.

மறுநாள் டாக்டர் கத்தினார். "அந்தப் பொட்டை வச்சுத்தான் கட்டி இருக்கிற இடத்துக்குக் கம்ப்யூட்டர் எங்களுக்கு வழி காட்டும். இன்னைக்கு ஆபரேஷன் கிடையாது."

"பிய்க்கக் கூடாதுன்னு யாருங்க சொன்னீங்க?" என்றேன்.

"படிக்காதவங்களுக்கு எத்தனைதான் சொல்றது?"

மொட்டைத் தலையோடு அவள் டாக்டரிடம் சொன்னாள்: "ஒண்ணே ஒண்ணு சொல்லியிருந்தா போதும், தம்பி."

மறுபடி ஒட்டி, ஸ்கேன் எடுத்து, ஆபரேஷன் செய்யும்வரை வலியில் துடித்தாள். பிழைத்துக்கொண்டாள். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை. மெஷினுக்கு அவ்வளவு சொல்லிக்கொடுத்தவர்கள், அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஒட்டினால், "இது எதுக்குங்க?" என்று கேட்கச் சொல்லுங்கள். தெரிந்தவர்களிடமும் சொல்லிவையுங்கள்.