மாமி அவிழ்த்த வலை

அந்தப் பச்சை நைலோன் வலைத்துண்டு இத்தனை வருடமும் என் மேசை லாச்சியில் கிடந்தது. மாமி அதைக் கிண்ணை மரத்திலிருந்து அவிழ்த்து என் மடியில் போட்ட காலையில்தான் அந்த மரத்தைக் காய்க்க வைப்பது யார் என்ற கேள்வி எனக்குத் தட்டியது.

பெரியகல்லாற்றில் மாமியின் வளவு வாவியில் முடியும் இடத்தில் அந்தக் கண்டல் மரம் நிற்கிறது. பொழுதுபட்டதும் பூக்கும்; விடியும்போது சிவப்பும் வெள்ளையுமான பூவிழைகள் தோணிக்குள் கொட்டிக் கிடக்கும். அதன் பழத்தைக் கரைத்து, தேங்காய்ப்பாலும் சீனியும் விட்டு மாமி தருவதைக் குடிக்கவே லீவுக்கு ஓடுவேன். அப்போது ஏ.எல். உயிரியல் படித்துக்கொண்டிருந்தேன், எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. இரவில் பூக்களில் தொங்கிய வௌவால்களைப் பார்த்தேன், காலையில் உதிர்ந்த இழைகளைப் பார்த்தேன், உடனே தீர்ப்பெழுதிவிட்டேன்: வௌவால்தான் பூவைப் பிய்க்கிறது. மாமி கிழிசல் பொத்திக்கொண்டிருந்த சிறுகண் வலையில் ஒரு துண்டை வாங்கி, மொட்டு நிறைந்த தாழ்கிளை ஒன்றை இறுக மூடிக் கட்டினேன். "எங்கட புள்ள மரத்துக்குச் சட்ட தைச்சிரிக்காள்" என்று மாமி போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

அடுத்த லீவுக்குப் போனபோது மற்றக் கிளைகளெல்லாம் காய். மூடிய கிளையில் ஒன்றுகூட இல்லை. மாமி வலையை அவிழ்த்தார். "களவெடுக்க வாறவன மறிச்சாய். காயையும் சேத்து மறிச்சிட்டியே புள்ள."

வெட்கத்தோடு வலையைப் பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. இழைகள் தாமாகவே உதிர்கின்றன. தேன் குடிக்க வருபவைதான் முகத்தில் மகரந்தம் பூசிப் பூவுக்குப் பூ கொண்டுபோகின்றன. ஆனால் என் வலை, இரவில் பூவுக்கு வரும் விட்டில் பூச்சிகளையும் தடுத்திருந்தது. காய்க்க வைப்பது விட்டிலா, வௌவாலா? அதைக் கண்டுபிடிக்காமல் பரீட்சை, பல்கலைக்கழகம், வேலை என்று ஓடிவிட்டேன்.

மாமி இப்போது இல்லை. வளவு அவருடைய மகனிடம், என் மச்சானிடம். வௌவால் எச்சம் கரையில் கட்டிய தன் போட்டில் விழுகிறதென்று மரத்துக்கு நேரே பெரிய லைட் போட்டிருக்கிறார். விடியுமட்டும் எரிகிறது. இம்முறை மரத்தில் காயே இல்லை.

"கிழட்டு மரம், மச்சாள். தறிச்சா போட் நேரா கரைக்கு வரும்."

"லைட்ட நூத்துப் பாருங்க மச்சான்."

"வௌவாலுக்கு லோயரா நீ?"

கண்டல் மரம் தறிப்பது குற்றமென்று சட்டத்தைச் சொல்லித் தடுக்கலாம்தான்; நான் இல்லாத ஒரு நாளில் கத்தி விழும். அவர் கண்ணாலேயே காயைப் பார்க்க வேண்டும். அரை நாள் வாதாடினேன். "சரி, இந்தப் பூக்காலம் மட்டும். காய்க்காட்டி கத்திய நீதான் எடுத்துத் தரணும்" என்றார். ஓம் என்றுவிட்டேன்.

நாளை பொழுதுபட முன்னர் லைட்டை நூர்ப்பேன். ஒரு கிளைக்குப் பெரிய கண் வலை: விட்டில் நுழையும், வௌவால் நுழையாது, எதுவும் சிக்காதபடி விறைப்பாக இழுத்துக் கட்ட வேண்டும். இன்னொரு கிளைக்கு எதுவுமே நுழைய முடியாத சிறுகண் வலை. மற்றதெல்லாம் திறந்தபடி. சிறுகண் வலைக்குக் கடைக்குப் போகவில்லை. லாச்சியைத் திறந்து மாமியின் துண்டை எடுத்துப் பையில் வைத்துவிட்டேன்.