பங்கா கயிறு தூக்கிய கை

ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது என் சொந்த முட்டாள்தனத்தைத்தான். கட்டுப் போடுவதில் சிங்கப்பூரிலேயே என்னை மிஞ்ச ஆளில்லை என்று நான் தலைகால் புரியாமல் திரிந்த காலம் அது.

எங்கள் வார்டில் பங்கா இழுத்தவர் மஸ்தான் பாய், நாகூர்க்காரர். கூரையில் தொங்கும் நீளத் துணி விசிறியை, சுவரின் உச்சியிலுள்ள கப்பி வழியாக இறங்கும் கயிற்றைப் பிடித்து நாள் முழுக்க இழுக்க வேண்டும். ஒரு மழை நாளில் படியில் வழுக்கி வலது தோளில் அடிபட்டுவிட்டார். எலும்பு முறியவில்லை. பத்து நாள் கையைக் கழுத்தோடு தொங்கவிடும் ஸ்லிங் கட்டு, பிறகு கையை அசைக்க வேண்டும் என்று வெள்ளைக்கார டாக்டர் துரை என்னிடம் சொல்லிவிட்டு மலாக்கா போய்விட்டார்.

எங்கள் வீட்டு வழக்கத்தில் கட்டு என்றால் ஒரு மண்டலம். துரைக்கு என்ன தெரியும் என்று நினைத்து, "நாப்பத்தெட்டு நாள் அவுக்கக் கூடாது பாய்" என்று சொல்லிவிட்டேன். பாவம், அவர் தூங்கும்போதுகூட அவிழ்க்கவில்லை.

நாற்பத்தொன்பதாம் நாள் அவிழ்த்தேன். கை இடுப்புக்கு மேல் எழவில்லை.

வார்டு மேஸ்திரி வந்து பார்த்தார். "ரெண்டு மாசம் பாக்குறேன் பாய். அதுக்குள்ள ரெண்டு கையாலயும் இழுக்கலேன்னா ஊருக்குக் கப்பல் ஏறிடுங்க."

அவர் போனதும் பாய் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "வேலைகூடப் போகட்டும்யா. தொழுகையில காதுவரைக்கும் கையத் தூக்க முடியல. அதான் மனசு ஆறல."

துரை திரும்பி வந்தார். இத்தனை நாள் கட்டி வைத்தது யார் என்று கேட்டார். நான் கட்டுத்துணியைச் சுருட்டுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

"நாந்தான் துரை. பயந்துக்கிட்டு அவுக்காம இருந்துட்டேன்" என்றார் பாய். வெட்கத்தில் நான் கூனிக் குறுகினேன்.

அசைத்தால்தான் தோள் விடும் என்றார் துரை. அன்றே கையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். பாய் வலியில் துடித்தார்.

மறுநாள் காலை வார்டுக்குள் நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். பாய் கப்பிக்குக் கீழே உட்கார்ந்து இடது கையால் பங்காவை இழுக்கிறார். வலது கை அதே கயிற்றைச் சும்மா பிடித்திருக்கிறது. பங்கா திரும்பி ஆடும்போது கயிறு மேலே போகிறது, கூடவே அந்தக் கையும் போகிறது.

"நீங்க தூக்குனா தோளு பயந்து இறுகுதுய்யா. பங்கா தூக்குனா பயப்பட மாட்டேங்குது."

கயிற்றில் அவர் பிடிக்கும் இடத்தில் அடையாளமாகக் கட்டுத்துணிக் கிழிசல் ஒன்றை முடிந்து வைத்தேன். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அதை ஒரு விரல்கடை மேலே ஏற்றினோம். நான் படித்த வைத்தியமெல்லாம் அந்தக் கயிற்றின் முன்னால் கைகட்டி நின்றது.

இரண்டு மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போது மேஸ்திரி வந்து, பாய் இரண்டு கையாலும் இழுப்பதை எட்டிப் பார்த்தார். "சரி, இழுங்க" என்று போய்விட்டார்.

அன்று மாலை வராந்தாவில் பாய் தொழுகைக்கு நின்றார். இரண்டு கைகளும் ஒன்றாக எழுந்து காதைத் தொட்டன.

நேராகத் துரையிடம் போய், அவிழ்க்காதே என்று சொன்னது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். இனி தோள் வலி என்று வருகிறவர்களை முதலில் மஸ்தானிடம் அனுப்பு என்றார் அவர்.

கட்டுப் போடக் கற்றுக்கொள்ளுங்கள், தம்பிகளே. எந்த நாளில் அவிழ்ப்பது என்பதை அதற்கு முன்பே கற்றுக்கொள்ளுங்கள்.